பார்ப்பதும் காட்டுவதும்

தினம் ஒரு படம் என்று முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள். ஆண்டுப் பிறப்பன்றோ, பிள்ளை பிறந்த மறுவாரமோ, நாற்பதைத் தாண்டிய பிறகு நாட்கள் கைநழுவிப் போகின்றன என்ற உறுத்தல் வந்த ஏதோ ஒரு மாலையிலோ அந்த முடிவு எடுக்கப்படுகிறது. ஆண்டின் 365 நாளும் எதையாவது ஒன்றை நின்று பார்த்துப் படமாக்க வேண்டும், அதன் கீழே நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு இதில் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. தனியாகச் செலவு கிடையாது. கருவி எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டையும் தெருவையும் இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாமே என்பதுதான் நோக்கமும். அப்படியிருந்தும், வீட்டைக் கவனிப்பதற்காகத் தொடங்கிய இந்தக் காரியம் முடியட்டும் என்று வீடு காத்திருக்க வேண்டியிருப்பதை, பங்குனி சித்திரை வாக்கில் வீட்டிலுள்ளவர்கள் கண்டுகொள்கிறார்கள். படம் எடுப்பவருக்கு அது தெரியவர இன்னும் சில மாதங்கள் ஆகின்றன.

படம் எடுக்க ஆகும் நேரத்தைக் குறைசொல்ல முடியாது. நல்ல வெளிச்சத்தில் அது 1/125 நொடி. அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரம்தான் கணக்கில் வராமல் போகிறது. எடுத்த நாற்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஓரத்தில் தெரியும் பிளாஸ்டிக் வாளியை வெட்டி எறிவது, நிறத்தைச் சற்று ஏற்றுவது, பொருத்தமான நாலு வரிக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, போட்ட பிறகு யார் பார்த்தார்கள் என்று நாலைந்து முறை எட்டிப்பார்ப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் என்பது தாராளமான மதிப்பீடு அல்ல. ஆண்டுக்கு 365 மணி. அதாவது பதினைந்து முழு நாட்களுக்கும் மேல். அந்தப் பதினைந்து நாட்கள் வானத்திலிருந்து வருவதில்லை. பிள்ளையின் வீட்டுப்பாடம், மறுநாளைக்கு அரைக்க வேண்டிய மாவு, பெரியவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை, ஒன்றுமில்லாததைப் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சாவகாசம் எல்லாம் கூடிவரும் இரவு எட்டு மணிக்கு மேற்பட்ட பொழுதிலிருந்துதான் அவை எடுக்கப்படுகின்றன. விரதம் இருப்பவர் ஒருவர், பட்டினி கிடப்பவர் இன்னொருவர் என்று இது ஆகிவிடுகிறது.

அந்த இன்னொருவர் யார் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவானதுதான். வீட்டில் ஆண் இப்படியொரு காரியத்தில் இறங்கினால், அவருக்கு அதில் ஒரு ஈடுபாடு என்று வீடு ஒதுங்கி வழிவிடுகிறது. குழந்தையைத் தூங்கவைக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் கைமாறுகிறது. பெண் இறங்கினால், அது பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கியான பிறகு செய்துகொள்ளலாம். இருவருக்கும் கலை ஒன்றுதான்; கிடைக்கும் மாலைகள்தான் வேறு. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை, சண்டை போட்டு நிறுவவும் இல்லை. அதனாலேயே இதைப் பேசித் தீர்க்கவும் முடிவதில்லை.

தினம் ஒரு படம் என்ற விரதத்தை உண்மையிலேயே காத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஜேமி லிவிங்ஸ்டனின் கதை நம்மைப் போன்றவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது. நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரி மாணவராக இருந்த லிவிங்ஸ்டன், 1979 மார்ச் 31 அன்று ஒரு போலராய்டு படம் எடுத்தார். முதலில் திட்டமெல்லாம் ஏதுமில்லை. சில வாரங்கள் கழித்து, ஏறக்குறைய நாளுக்கு ஒரு படம் எடுத்துவருகிறோம் என்று கவனித்தார், அதையே வழக்கமாக்கிக்கொண்டார். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சர்க்கஸ் என்று பலதும் செய்துகொண்டு நியூயார்க் நகரில் நண்பர்கள் கூட்டத்துக்கு நடுவே வாழ்ந்தவர் அவர். சாப்பாட்டு மேசைகள், பேஸ்பால் ஆட்டங்கள், தெருக்கள், தூங்குகிறவர்கள், சிரிக்கிறவர்கள் என்று படங்கள் சேர்ந்துகொண்டே போயின. பிறகு மூளையில் கட்டி வந்தது. மருத்துவமனைக் கட்டில், தலையில் தையல், கொட்டிய முடி. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு விரலில் மோதிரம்; அடுத்து ஒரு எளிய திருமணம். 1997 அக்டோபர் 25 அன்று, தன் 41ஆவது பிறந்தநாளில், அவர் இறந்தார். அன்றைய தேதிக்கும் ஒரு படம் இருக்கிறது. கடைசி நாட்களில் கேமராவை நண்பர்கள் வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். 6,600க்கும் அதிகமான படங்கள்.

இவ்வளவையும் செய்த ஒருவர் தன்னைச் சுற்றியிருந்தவர்களைக் காத்திருக்கவைத்தார் என்பதற்கான தடயம் அந்தப் படங்களில் இல்லை. அதற்குக் காரணம் அவருடைய குணம் மட்டுமல்ல, அவர் கையிலிருந்த கருவியும்தான். அது போலராய்டு நிறுவனத்தின் எஸ்எக்ஸ்-70 வகைக் கேமரா. ஒரு பெட்டி ஃபிலிமில் பத்தே படங்கள், விலையும் அதிகம். பொத்தானை அழுத்தினால் படம் வெளியே வரும், சில நிமிடங்களில் கைக்குள்ளேயே உருத்தெளியும், பிறகு அதை யாராலும் வெட்டவோ வெளிச்சமேற்றவோ முடியாது. நெகட்டிவ் கிடையாது. அன்றைய வேலை அந்தக் கணத்தோடு முடிந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: அந்தப் படத்தை முதலில் பார்ப்பவர்கள், படம் எடுக்கப்பட்டபோது அந்த அறையில் இருந்தவர்கள். உருத்தெளியும் படத்தைச் சுற்றி நாலு தலைகள் குனிந்திருக்கும். அதற்கு மேல் ஒரு சபை அதற்குத் தேவைப்படவில்லை.

நாளுக்கு ஒன்றுதான், மறுமுறை கிடையாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். கண்ணெதிரே ஏதாவது வினோதமாக நடக்கும்போது, படம் எடுக்கவில்லையா என்று கேட்டால், இன்றைய படத்தை மதியச் சாப்பாட்டுக்கு எடுத்தாகிவிட்டது என்பாராம். நமக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு படம் முடிந்ததும் நாளின் மிச்சமெல்லாம் அவருக்கு விடுதலையாகக் கிடைத்திருக்கிறது. அன்றைய வினோதத்தை மற்றவர்களோடு சேர்ந்து வெறும் கண்ணால் பார்க்க அவரால் முடிந்தது. வரம்பு என்று நாம் நினைக்கும் ஒன்று அவருடைய மாலை நேரத்தை அவருக்கே காப்பாற்றிக் கொடுத்தது. நம்மிடம் அந்த வரம்பு இல்லை. எண்ணிக்கைக்கு எல்லையில்லாத கருவி நம் கையில் இருப்பதால், நாள் முழுவதும் இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்குமோ என்ற தேடலிலேயே போகிறது.

எழுத்துக்கும் இதே கதை உண்டு, அதற்கு நம்மிடமே பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் டூப்ளேயின் கோபதாபம், கப்பல் வரவு, விலைவாசி, ஊர் வம்பு, சகுனம் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. இடையிடையே எழுதப்படாத நாட்களும் இருக்கின்றன. வியாபாரம், அரசாங்க ஊழியம், பெரிய குடும்பம் எல்லாவற்றையும் கட்டிச் சுமந்த மனிதர் இதை எழுதினார் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அன்றன்றைக்கு எழுதியதை அன்றன்றைக்கு யாரும் படித்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. விடிவதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர் எழுந்து பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. லிவிங்ஸ்டனையும் பிள்ளையவர்களையும் ஒரே வரியில் நிறுத்த வேறு எந்த நியாயமும் கிடையாது. தினமும் பதிந்தார்கள், தினமும் காட்டவில்லை என்ற இந்த ஒன்றுதான் இருவருக்கும் பொது.

இங்கேதான் நம் சிக்கலின் முடிச்சு இருப்பதாகத் தோன்றுகிறது. குடும்பத்தோடு முரண்படுவது கேமரா அல்ல. தினமும் பார்ப்பது என்ற பழக்கமும் அல்ல. தினமும் காட்டுவது என்ற கடமைதான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். காட்டுவதற்கு ஒழுங்குபடுத்த வேண்டும், விளக்க வேண்டும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பார்க்கிறவர் அந்த இடத்திலேயே இருக்கிறார். காட்டுகிறவர் உடம்பால் சாப்பாட்டு மேசையில் இருந்தாலும், மனத்தால் இந்த மேசையை இன்று இரவு பார்க்கப்போகிற முகம் தெரியாதவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த மேசையையே கொஞ்சம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவி பறக்க இடியாப்பம் வந்திருக்கிறது. தேங்காய்ப் பால் கிண்ணம் ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக இருக்கிறது. யாரும் கைவைக்க வேண்டாம், ஒரு நிமிஷம், என்று குரல் வருகிறது. தண்ணீர்ச் சொம்பு நகர்த்தப்படுகிறது, மருந்துப் பெட்டி மறைக்கப்படுகிறது, நாற்காலியில் தொங்கும் துண்டு உள்ளே போகிறது. தாத்தா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடும் காட்சி நன்றாக அமைந்து முடியும்போது ஆவி அடங்கியிருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படியொரு வேளையில் ஏழு வயதுப் பெண் கேட்டாள்: "அப்பா, இது நமக்கா, போடறதுக்கா?" நமக்குத்தான் என்றால் எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம், போடுவதற்கு என்றால் வேறு மாதிரி உட்கார வேண்டும் என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் குறையாகச் சொல்லவில்லை. எந்தச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விவரம்தான் கேட்டாள்.

பிள்ளைகளைப் பற்றிய தகவல்களைக் கையாள, சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதினெட்டு வயது வரை பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள்தான். அந்நியர்களிடமிருந்து பிள்ளையைக் காக்கும் காவலாகப் பெற்றோரைச் சட்டம் நிறுத்தியிருக்கிறது. பிள்ளை குளித்ததையும் அழுததையும் தேர்வில் கோட்டைவிட்டதையும் தினம் ஒன்றாக ஊருக்குச் சொல்கிறவரும் அந்தக் காவலரே என்றால், அவர் தன்னிடமே சம்மதம் வாங்கிக்கொள்கிறார். இதுவரை மறுத்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது படமெடுப்பதே வாழ்வுக்கு விரோதம் என்ற முடிவுக்கு ஓடிவிடவும் கூடாது. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. அருங்காட்சியகத்தில் மாணவர்கள் வெறுமனே பார்த்த பொருட்களைவிட, படமெடுத்துக்கொண்ட பொருட்கள் அவர்கள் நினைவில் குறைவாகவே நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கைகழுவிவிடுகிறது போலும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் ஏற்படவில்லை. நெருங்கிப் பார்க்கவைக்கும் படம் பார்வையைக் கெடுப்பதில்லை. ஓராண்டு இதைச் செய்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அம்மாவின் கைநரம்புகளை அதுவரை பார்த்ததே இல்லை, மாடிப்படியில் எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று தெரிந்ததே இல்லை என்று. அந்த லாபம் பொய்யல்ல. அது கைக்கு வந்த அன்றே சந்தைக்குப் போய்விட வேண்டும் என்பதில்தான் பிழை.

விடுபட்ட நாட்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் தினசரி விரதம் எடுத்தவர்களை அதிகம் வாட்டுவது அவைதான். தைவானிலிருந்து நியூயார்க் வந்த தெச்சிங் ஷே என்ற கலைஞர் 1980 ஏப்ரலிலிருந்து ஓராண்டு காலம், தொழிற்சாலைகளில் வருகை பதியும் கடிகாரம் ஒன்றைத் தன் அறையில் மாட்டி, மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், அட்டையைச் செருகிப் பதிந்தார்; ஒவ்வொரு முறையும் ஒரு படம். ஓராண்டுக்கு 8,760 மணி. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியாத, வீட்டைவிட்டு வெகுதூரம் போக முடியாத அந்த ஓராண்டில் எந்தக் குடும்பப் பொறுப்பையும் அவரால் ஏற்றிருக்க முடியாது. இவ்வளவு இறுக்கமான மனிதரும் 133 முறை தவறினார். அதை அவர் மறைக்கவில்லை, கணக்காகவே எழுதிவைத்தார்: தூங்கிப்போனது 94, தாமதமானது 29, நேரத்துக்கு முன்பே பதிந்துவிட்டது 10. அந்த 94தான் அவரும் நம்மைப் போல உடம்புள்ளவர் என்று சொல்கிறது. லிவிங்ஸ்டனின் பதினெட்டு ஆண்டுகளிலும் படமில்லாத நாட்கள் சில இருக்கின்றன.

தினசரிக் கலை என்றால் என்ன என்று நமக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற கைகள் நம் தெருக்களில் அதைக் காலங்காலமாகச் செய்துவருகின்றன. மாவு அரைத்து, பால் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலைக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடும்; பத்து மணிக்குள் சைக்கிளும் காலும் பட்டு அழியும்; மறுநாள் மறுபடியும். குடும்ப வாழ்க்கையோடு இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அந்தப் பெண்களை யாரும் பேட்டி கண்டதில்லை. அந்தக் கலைக்குள்ளேயே விடுபடும் நாளுக்கும் இடம் இருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் கோலம் இல்லை. திதி நாளில் காரியம் முடியும்வரை இல்லை. வெறும் வாசலைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, என்ன ஆச்சு என்று படியேறி வருவாள். போட்ட நாட்கள் சொல்லாத ஒன்றைப் போடாத நாள் சொல்லிவிடும். இப்போது பல அடுக்ககங்களில் கதவுக்கு வெளியே ஸ்டிக்கர் கோலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அது ஒருநாளும் தவறுவதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையே ஐந்தாறு படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, வாரம் முழுவதும் நாளுக்கு ஒன்றாக வெளியே விடுகிற சாமர்த்தியம் நமக்குப் பழகிவிட்டது. சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த புதன்கிழமையிலும் மல்லிகைப் பந்தல் பூத்துத்தான் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை பாதி இரவு ஈரத்துணியோடு விழித்திருந்தவர்களுக்கு, அந்த நாள் எந்தப் பதிவிலும் இல்லாமல் போனது நஷ்டம் இல்லை. அந்த நாளுக்குப் பொறுப்பில்லாத ஒரு பூவை அதன் இடத்தில் வைத்ததுதான் கணக்கைப் பொய்யாக்குகிறது. படம் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற ஒரு வரி, ஓராண்டின் மற்றப் பதிவுகள் அனைத்தையும் நம்பத்தக்கவையாக்கிவிடும்.

ஆகவே தினம் ஒரு படம் எடுப்பவர்கள் எடுக்கட்டும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும், சோறு ஆறுவதற்கு முன் எடுத்துவிடட்டும், வீட்டில் யாரையும் மறுமுறை சிரிக்கச் சொல்லாமல் இருக்கட்டும். தவறிய நாளைத் தவறிய நாளாகவே விட்டுவிடலாம். எழுதுவதற்கு அவசரமில்லை, வாரக் கடைசியிலோ ஆண்டுக் கடைசியிலோ எழுதினாலும் நினைவில் நிற்க வேண்டியது நிற்கும். காட்டுவதை இன்னும் தள்ளிப்போடலாம். லிவிங்ஸ்டனின் படங்களைப் பிரதியெடுத்து, அவர் படித்த கல்லூரியிலேயே 2007இல் நண்பர்கள் கண்காட்சியாக வைத்தார்கள். அதற்குள் அவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் அந்தப் படங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.